வந்தால் ஒரு காட், வராவிட்டால் ஒரு காட்

ஒருநாள் காலையில் எழும்பிக் குசினிக்குப் போனால், ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, 'பால் எங்க?' எண்டு கேட்டால்: கீழ்த்தட்டில, தயிருக்குப் பின்னால. 'அது நேற்றே முடிஞ்சுதே' எண்டால்: ஓம், நான் புதுசு வாங்கி வைச்சனான். 'ஏன் உங்களுக்கு இந்த வேலை?' எண்டால்: போன கிழமை எனக்குப் பிட்டு வைச்சனீங்கள், அதுக்கு இது சரி. கோவம் எண்டால்: பின்னேரம் கதைப்பம்."

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. முகம்கூடக் கழுவவில்லை. அதற்குள் நான் கேட்டு, அவர் சொல்லி, நான் கோபித்து, சமாதானப் பேச்சுக்கு நேரமும் குறித்தாயிற்று. இதுதான் அவர். ஒரு மனிதரைச் சொல்ல இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் எனக்கு வாய் நீளம், ஒன்றைத் தொடங்கினால் பாதியில் விடமாட்டேன்.

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு மேல்மாடிப் பின்னறையில் அவர் ஆறு வருசம் இருந்தார். என் வீட்டுக்காரர் இன்னொரு குடும்பமாகிப் போய் இரண்டு வருசம் ஆகியிருந்த நேரம் அது. மகளும் லெஸ்டருக்குப் படிக்கப் போய்விட்டாள். நான் டூட்டிங்கில் ஒரு பல் டொக்டரிடம் ரிசப்ஷன் வேலை. பகல் முழுக்க மற்றவர்களின் பல்வலியைக் கேட்டுவிட்டு வந்து, ஒரு சத்தமும் இல்லாத வீட்டுக்குள் நுழைவது எனக்குப் பிடிக்கவில்லை. தமிழ்க் கடை ஒன்றில் 'அறை வாடகைக்கு' என்று எழுதி ஒட்டினேன். மூன்றாம் நாள் இவர் வந்து நின்றார். ஐம்பது தாண்டிய மெலிந்த மனிதர், மண்ணிறக் கோட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

கதவைத் திறந்ததும் தொடங்கிவிட்டார். "நீங்கள் 'என்ன வேலை?' எண்டு கேப்பியள். விம்பிள்டன் பக்கம் ஒரு கார் பார்க்கில, டிக்கெட் குடுக்கிற பெட்டிக்குள்ள. பின்னேர ஷிப்ட். 'குடிப்பியளோ?' எண்டு கேப்பியள். இல்லை. 'குடும்பம்?' எண்டு கேப்பியள். அதுவும் இல்லை. 'ஏன்?' எண்டு கேக்கமாட்டியள், மரியாதை தெரிஞ்ச ஆள் மாதிரித் தெரியுது."

"முதல்ல சப்பாத்தைக் கழட்டுங்கோ அண்ணை, கம்பளம் புதுசு," என்றேன்.

மனிதர் அப்படியே திகைத்துப்போய் நின்றார். அதற்கு அவரிடம் பதில் தயாராக இருக்கவில்லை. குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நிமிசமே அறையைக் கொடுத்துவிட்டேன்.

கடையிலும் இதே கதைதான். டூட்டிங் கடைக்கு அவரோடு ஒருதரம் போய் எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. "கத்தரிக்காய் இருந்தால் அரைக் கிலோ. வாடியிருந்தால் வேண்டாம், வெண்டிக்காய். அதுவும் முத்தல் எண்டால் முருங்கைக்காய் ரெண்டு. 'நாளைக்கு வாங்கோ' எண்டு சொன்னால் நாளைக்கு வர ஏலாது, வியாழன் வாறன்." ஒரே மூச்சு. கடைக்காரத் தம்பி கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். "அண்ணை, நானும் ஏதாவது கதைக்கட்டோ?" என்றான். கடையில் நின்ற அத்தனை சனமும் சிரித்தது. இவரும் சிரித்தார், ஆனால் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியப் பல மாதம் ஆனது. அவருக்குத் தபால் வரும். பில்லும் விளம்பரமும் வருகிற வீட்டில் அவருக்கு மட்டும் தபாலட்டைகள் வரும். ஹங்கேரியிலிருந்து ஒன்று, வேல்ஸிலிருந்து ஒன்று. அட்டையில் சின்னதாய் ஒரு செஸ் பலகை அச்சடித்திருக்கும், பக்கத்தில் இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம். முதலில் ஏதும் களவுச் சங்கதியோ என்றுகூட யோசித்தேன். நாடு கெட்டுக் கிடந்த காலம், யாரை நம்புவது? நேரே கேட்டேன்.

"செஸ் தங்கச்சி. தபாலில விளையாடுறது," என்றார்.

ஒரு காய் நகர்த்தி அட்டை போட்டால், அது போய்ச் சேர ஒரு கிழமை. மற்றவர் யோசிக்க ஒரு கிழமை. பதில் வர இன்னொரு கிழமை. ஒரு ஆட்டம் முடிய மூன்று வருசம், நாலு வருசம். அந்தத் தாமதத்தைக் குறைக்க அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. என் நகர்வை எழுதிவிட்டு, கீழே 'நீங்கள் இதை ஆடினால் நான் அதை ஆடுகிறேன்' என்றும் எழுதிவிடலாம். மற்றவர் அதையே ஆடினால் இரண்டு கிழமை மிச்சம். "அவர் வேற ஏதும் ஆடினால்?" என்று கேட்டேன். "அப்ப அந்த வரி செல்லாது. எழுதாத மாதிரித்தான்," என்றார். அவர் இருபது வருசமாக இப்படி 'இதை ஆடினால் அது' என்று எழுதி எழுதி, கடைசியில் கத்தரிக்காய்க்கும் பாலுக்கும் அதுவே வந்துவிட்டது. பெட்டிக்குள் எட்டு மணித்தியாலம் தனியாக இருக்கிற மனிதர். கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவர்கள் டிக்கெட்டை நீட்டுவார்கள், போவார்கள். ஒருவரும் இரண்டாவது வசனம் பேசுவதில்லை. அப்படியானால் இரண்டு பக்கத்தையும் அவரேதான் பேசவேண்டும். பாவம், வேறென்ன செய்வது?

விடுமுறைக்கு வந்த மகள் கேட்டாள். "அங்கிள், ஈமெயில்ல அனுப்பினால் ஒரு செக்கன்ட்தானே? ஏன் இவ்வளவு நாள்?"

"ஒரு செக்கன்டில வாற பதிலுக்கு ஆர் பிள்ளை காத்திருப்பினம்?" என்றார் அவர். மகள் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள். எனக்கு அது விளங்கியது, ஆனால் விளங்கிய மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

அவருடைய அறையில் ஜன்னல் விளிம்பில் ஒரு பலகை எப்போதும் விரித்தபடி இருக்கும். மற்ற ஆட்டங்களுக்கெல்லாம் மடிக்கிற சின்ன அட்டைப் பலகைகள்தான். இது மட்டும் மரப்பலகை, மரக்காய். தூசு தட்டப் போனால் "அதைத் தொடாதேங்கோ!" என்று சத்தம் போடுவார். அந்த ஆட்டத்துக்கு அட்டை டொரண்டோவிலிருந்து வரும். அந்த அட்டைகளில் எங்கும் 'இதை ஆடினால் அது' என்ற வரி இல்லை. இவர் அனுப்புவதிலும் இல்லை. ஒரு நகர்வு, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

எனக்கு வேலையில்லாத நாள்களில் பார்ப்பேன். தபால்காரர் பதினொரு மணியளவில் வருவார். இவருடைய ஷிப்ட் இரண்டு மணிக்கு. காலை முழுக்கப் படியில் குந்திக்கொண்டு இருப்பார், பேப்பர் வாசிக்கிற மாதிரி. கதவின் தபால் வாய் 'டக்' என்றதும் எழும்ப மாட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரைக்கும் எண்ணிவிட்டுத்தான் எழும்புவார். கேட்டால், "உடன எழும்பினால் வராது," என்பார். படித்த மனிதர், கணக்கில் பட்டம் எடுத்தவர், இதையும் சொல்வார்.

ஒருதரம் நல்ல மனநிலையில் இருந்தபோது அந்த ஆட்டத்தை எனக்குக் காட்டினார். முதல் அட்டையில், ராணிக்கு முன்னால் நிற்கிற வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் வந்திருந்தது. இவரும் தன்னுடைய ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி, நேருக்கு நேரே நிறுத்தியிருந்தார். இரண்டாவது அட்டையில் டொரண்டோக்காரர் பக்கத்துச் சிப்பாயையும் தள்ளியிருந்தார்.

"இதைப் பாருங்கோ. இது எனக்குச் சும்மா தாறது. வெட்டி எடுக்கலாம்," என்றார்.

"எடுத்தனீங்களோ?"

"இல்லை. கோவத்தில தாறதை எடுக்கக் கூடாது. இந்தப் பக்கம் இன்னொரு சிப்பாயை ஒரு கட்டம் வைச்சு முட்டுக் குடுத்தன். பழைய காலத்து ஆட்டம் தங்கச்சி. ஒருத்தரும் அவசரப்படமாட்டினம்."

"கோவமெண்டு அட்டையில எழுதியிருக்கோ?" என்று கேட்டேன். அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர் அந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தெரியவந்தது ஒரு சண்டையில்தான். அந்தச் சண்டையை நான் போட்டேன்.

தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிற என் ஒன்றுவிட்ட அக்கா, தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குச் சொல்லத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். இவர் எடுத்து, "அவ வரமாட்டா. சனிக்கிழமை வேலை எண்டு சொல்லுவா. நீங்கள் கோவிக்க வேண்டாம்," என்று சொல்லி வைத்துவிட்டார். உண்மைதான், வீட்டுக்காரர் போன நாளிலிருந்து நான் ஒரு விசேஷத்துக்கும் போனதில்லை. சனத்தின் கண்ணைப் பார்க்க எனக்கு ஏலாது. ஒவ்வொரு தடவையும் 'வேலை' என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தத் தடவை நான் போகத்தான் இருந்தேன். விசயம் முதலே காதில் விழுந்து, நீலச் சேலையை அயன் பண்ணிக் கதிரையில் போட்டிருந்தேன்.

தலையில் துவாயோடு வந்து நின்ற என்னிடம் அவர் இதை ஒரு உதவி செய்த மாதிரிச் சொன்னார். எனக்கு விசர் வந்தது.

"உங்களுக்கு ஆர் சொன்னது நான் வரமாட்டன் எண்டு?"

"நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியும்தானே."

"தெரிஞ்சால்? எனக்கு வாயில்லையோ? நான் சொல்ல வேண்டியதை நீங்கள் என்னத்துக்குச் சொன்னனீங்கள்? நான் இருக்கிறனோ செத்திட்டனோ?"

அழுதுவிட்டேன். அவருக்கு முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. மனிதரின் முகம் வெளுத்துப்போயிற்று. குசினிக் கதிரையில் இருந்துவிட்டார். மேசையைப் பார்த்தபடி, "அவனும் இதைத்தான் கேட்டவன்," என்றார்.

"எவன்?"

"தம்பி. டொரண்டோவில."

பிறகு சொன்னார். அம்மா கொழும்பில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறா. ஒரு கிழமைதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இவருக்கு இங்கே விசாப் பேப்பர் இருந்தது, போய்விட்டார். தம்பிக்குக் கனடாவில் அகதிக் கேஸ் நடந்துகொண்டிருந்தது. "அவனிட்டச் சொன்னால் வெளிக்கிட்டிடுவான். வெளிக்கிட்டால் கேஸ் போயிடும், திரும்பி உள்ள போக ஏலாது. அவன் என்ன செய்வான் எண்டு எனக்குத் தெரியும். அதால சொல்லேல்லை. எல்லாம் முடிஞ்சு எட்டாம் நாள்தான் போன் எடுத்தனான்."

"ஐயோ அண்ணை."

"'அம்மாட்டைப் போறதோ, கேஸுக்கு நிக்கிறதோ, அது என்ர மூவ். என்ர மூவை நீங்கள் ஏன் ஆடினனீங்கள்?' எண்டு கேட்டவன். வைச்சிட்டான். அதுக்குப் பிறகு அவன்ர குரலை நான் கேக்கேல்லை. நாலு வருசம் ஒரு கடிதமும் இல்லை. பிறகு ஒருநாள் இந்த முதல் அட்டை வந்தது. ரெண்டாவது அட்டையில ஒரு வரி எழுதியிருந்தவன். 'நான் என்ன ஆடுவன் எண்டு நீங்கள் எழுத வேண்டாம்.' அவ்வளவுதான்."

"நீங்கள் அவரிட்ட மன்னிப்புக் கேட்டனீங்களோ?"

"நான் செய்தது சரிதானே தங்கச்சி? கேஸ் வெண்டவன். வீடு வாங்கிட்டான். ரெண்டு பிள்ளையள்."

"சரியோ பிழையோ, ஒரு சொல்லுச் சொல்ல வாய் வராதோ?"

"எல்லா வரியும் ஆடிப் பார்த்திட்டன். நான் 'மன்னிச்சுக்கொள்' எண்டால் அவன் இப்பிடிச் சொல்லுவான், அதுக்கு நான் இப்பிடி, அதுக்கு அவன் அப்பிடி. ஒண்டும் நல்லா முடியேல்லை. இந்த ஆட்டம் எண்டால் நடந்துகொண்டிருக்கு. மாசம் ஒரு அட்டை வருது. அவன் இருக்கிறான் எண்டு தெரியுது. எனக்கு அவ்வளவு காணும்."

நான் சாமத்தியவீட்டுக்குப் போனேன். அவர் என் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, "நான் சொன்னது பிழை, அவ வாறா," என்று சொன்னார். அந்நியப் பெண்ணிடம் பிழை என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிசம்தான் பிடித்தது. கூடப்பிறந்தவனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. மனிதர்கள் இப்படித்தான் போலிருக்கிறது.

அதற்கு அடுத்த வருசம் அவருக்கு நெஞ்சில் நோ வந்தது. படியேற மூச்சு வாங்கும். என் தொந்தரவில் டொக்டரிடம் போனார். இருதய ஒப்பரேஷன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. அவர் அமைதியாக இருந்தார். வீடு முழுக்கத் துண்டுகள். 'நான் வர ஒரு கிழமை பிந்தினால்: கார் பார்க்குக்கு இந்த நம்பர்.' 'நான் வராட்டி: கோட்டு நல்ல கோட்டு, ஆருக்கும் குடுங்கோ. செருப்பு வேண்டாம்.' அலுமாரிக்குள்ளே, தலையணைக்குக் கீழே என்று எங்கே கையை வைத்தாலும் ஒரு துண்டு. எல்லாவற்றையும் கிழித்து எறியவேணும் போலிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற காலையில் வாசலில் வைத்து இரண்டு அட்டைகளைத் தந்தார். இரண்டிலும் டொரண்டோ விலாசம், இரண்டிலும் முத்திரை.

"தங்கச்சி, நான் ஒப்பரேஷன் முடிஞ்சு கண் முழிச்சால், இந்த முதல் காட்டைப் போடுங்கோ. முழிக்காட்டி, மற்றதைப் போடுங்கோ. மாறிப் போட்டிடாதேங்கோ."

"விசர்க் கதை கதைக்காதேங்கோ. டாக்ஸி வந்திட்டுது," என்று வாங்கிக் கைப்பையில் போட்டேன்.

அவரைக் கட்டிலில் விட்டுவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரித் தேநீர்க் கடையில் இருந்து இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். தபாலட்டைதானே, மூடியா கிடக்கிறது? முதல் அட்டையில் வழக்கம்போல ஒரு நகர்வு. ராசாவை ஒரு கட்டம் ஒதுக்கி வைக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆட்டத்தை இழுக்கிற சும்மா நகர்வு. இரண்டாவதில் நகர்வே இல்லை. தமிழில் இரண்டு வரி.

'தோல்வியை ஏற்கிறன். அம்மாவின்ர விசயத்தில உன்ர மூவை நான் ஆடினது பிழை.'

தேநீர் ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒன்பது வருசம். இந்த இரண்டு வரியைச் சொல்ல ஒரு மனிதன் சாகவேணுமா? செத்தபிறகு சொல்லி ஆருக்கு என்ன? அந்தத் தம்பி இந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஆரோடு போய்க் கதைப்பான்?

பின்னேரம் நர்ஸ் வந்து, எல்லாம் நல்லபடி முடிந்தது, கண் முழித்துவிட்டார் என்றாள். நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். பிறகு வெளியே வந்து, இரண்டாவது அட்டையின் ஓரத்தில் எங்கள் வீட்டுத் தொலைபேசி நம்பரை எழுதி, அதைக் கொண்டுபோய்ச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டேன்.

மாறிப்போய்ப் போட்டுவிட்டேன் என்றுதான் இத்தனை வருசமும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். மகளிடமும் அப்படித்தான். இல்லை, தெரிந்துதான் போட்டேன். அவர் என் அக்காவிடம் எனக்காகப் பேசினபோது நான் எப்படிக் குதித்தேன்? அதையேதான் நானும் செய்தேன். அந்த நேரம் அது எனக்கு உறைக்கவில்லை.

பத்து நாளில் வீட்டுக்கு வந்தார். சட்டைக்குள்ளே நெஞ்சில் நீளத் தையல். ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இருமுவார். சோறு குழைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்தபிறகு கேட்டார்.

"காட் போட்டனீங்களோ?"

"போட்டன் அண்ணை. ஆனால்..." என்றேன். "மாறிப் போச்சு. ரெண்டாவதைப் போட்டிட்டன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் நானும் கத்தலாம் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீங்கள் ஒண்டையும் மாறி வைக்கிற ஆள் இல்லையே தங்கச்சி," என்றார். பிறகு கோப்பையின் விளிம்பை விரலால் தடவியபடி, "இதுக்கு நான் ஒண்டும் எழுதி வைக்கேல்லை," என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் துண்டு ஒட்டுவது நின்றுபோயிற்று. ஃபிரிட்ஜ் கதவு வெள்ளையாய்க் கிடந்தது. பால் முடிந்தால் முடிந்ததுதான். நான் ஏதாவது கேட்டால், நான் கேட்டு முடிக்கும்வரை இருந்து, "ஓம்" அல்லது "இல்லை" என்பார். நோய்வாய்ப்பட்டவர்தானே என்று முதலில் நினைத்தேன். பிறகு எனக்குப் பயம் பிடித்தது. காலையில் படியில் குந்துவார். தபால் வாய் 'டக்' என்றால் இப்போது எண்ணுவதில்லை, உடனே எழும்பிப் போவார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. ஹங்கேரி அட்டை வந்தது. வேல்ஸ் அட்டை வந்தது. டொரண்டோ இல்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை. ஆட்டம் முடிந்தால் அட்டை எதற்கு வரும்? இந்த ஒரு சாதாரணக் கணக்கு எனக்கு ஏன் அந்தத் தேநீர்க் கடையில் ஓடவில்லை? அவரிடம் இருந்தது அந்த ஒரு நூல்தான். அதையும் அறுத்துவிட்டு நான் நல்லது செய்ததாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பல் டொக்டரிடம் இரண்டு நாள் சுகமில்லை என்று சொல்லி வீட்டில் நின்றேன்.

மூன்றாவது கிழமை, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். விறாந்தையில் தொலைபேசி அடித்தது.

"ஹலோ," என்றது ஒரு ஆண் குரல். பிறகு ஒன்றும் இல்லை. மூச்சு மட்டும்.

"ஆர் கதைக்கிறது?"

"நான் டொரண்டோவில இருந்து. காட்டில இந்த நம்பர் இருந்தது. காட் வந்து ரெண்டு கிழமைக்கு மேலாச்சு. எடுக்கத் துணிவு வரேல்லை. எடுத்தால் நீங்கள் சொல்லிப் போடுவியள்." குரல் உடைந்தது. "அண்ணை எப்ப மோசம் போனவர்?"

நான் றிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"செத்தவீடு முடிஞ்சுதோ? எல்லாம் முடிஞ்ச பிறகுதானோ இந்த முறையும் எனக்குச் சொல்லுறியள்?" என்று அந்த மனிதர் பிள்ளை மாதிரி அழத் தொடங்கினார்.

"ஐயோ, இல்லைத் தம்பி! இல்லை! அண்ணை இருக்கிறார். மேல இருக்கிறார். இப்பதான் சாப்பிட்டவர்," என்று கத்தினேன். என் சத்தத்துக்கு மேலே கதவு திறந்தது.

அந்தப் பக்கம் அழுகை நிற்க நேரம் எடுத்தது. பிறகு, "அப்ப ஏன் தோத்திட்டன் எண்டு எழுதினவர்? அந்த ஆட்டத்தில அவர்தான் நல்ல நிலையில இருக்கிறார். உயிரோட இருந்தால் அண்ணை அப்பிடி எழுத மாட்டார்," என்றார்.

நான் உண்மையைச் சொன்னேன். அவருக்குத்தான் முதன்முதலாகச் சொன்னேன். இரண்டு அட்டை தந்தது, கண் முழித்தால் ஒன்று, முழிக்காவிட்டால் மற்றது என்றது, முழித்த பிறகும் நான் தெரிந்தே மற்றதைப் போட்டது, எல்லாம். திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"அப்ப அது செல்லாது," என்றார். "அவர் முழிச்சிட்டார்தானே. அப்ப அந்தத் தோல்வி செல்லாது. முதல் காட்டை அனுப்பச் சொல்லுங்கோ. ஆட்டம் முடியேல்லை."

"அப்ப மற்ற வரி, தம்பி? அம்மாவின்ர விசயம்?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அதை நான் வைச்சிருக்கிறன்," என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் படியில் பாதி தூரம் இறங்கி, ஒரு கையால் கைபிடியையும் ஒரு கையால் தலையணையையும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் றிசீவரை அவரை நோக்கி நீட்டினேன். "தம்பி, அண்ணை இஞ்சதான் நிக்கிறார், குடுக்கட்டோ?" என்றும் கேட்டேன்.

"இப்ப வேண்டாம் அக்கா," என்றது குரல். "இப்ப எனக்கு ஏலாது." படியில் நின்றவரும் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை. நான் நடுவில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்க்க, தொலைபேசி வைக்கப்பட்டது.

குசினியில் மீன் கருகுகிற மணம் வந்தது. நான் அசையவில்லை. தம்பி சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் அவருக்குச் சொன்னேன். தோல்வி செல்லாது என்று. முதல் காட்டை அனுப்பவேணும் என்று. மற்ற வரியைத் தம்பி வைத்துக்கொள்கிறார் என்று. அவர் எல்லாவற்றையும் கேட்டார். இடையில் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தங்கச்சி, அவன்ர குரல் இப்ப எப்பிடி இருக்குது?"

நான் யோசித்துச் சொல்லவில்லை. "உங்கட குரல்தான் அண்ணை," என்றேன். "அப்பிடியே உங்கட குரல். அழேக்க மட்டும் சின்னப்பிள்ளை மாதிரி."

"அழுதவனோ?"

"ஓம்."

அவர் மெல்ல, தையல் நோகாமல், படியிலேயே இருந்தார். நானும் கீழ்ப்படியில் இருந்தேன்.